பரிசீலனையில் இருந்த கைதட்டல்

கூடைப்பந்து ரசிகர் சங்கத்தின் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். யாருக்கு எவ்வளவு பவர் என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு ஆட்டக்காரரைப் பற்றித் தாம் என்ன நினைக்கிறோம் என்பதை மட்டும் தீர்மானம் போட்டுத்தான் தெரிந்துகொள்வார். அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். சங்கத்தின் இரண்டாயிரம் உறுப்பினர்களும் அப்படித்தான். ஆளாளுக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டு போனால் அப்புறம் சங்கம் எதற்கு?

ஆறு வருஷத்துக்கு முன்னால், எல்லாரும் ஏணி என்று கூப்பிடும் ஆட்டக்காரர், இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் முழங்கால் வலி தாங்காமல் தொழில்முறை லீக்கை விட்டே விலகினார். சங்கம் அன்றைக்கே கூடியது. 'மேற்படி ஏணி ஒரு கோழை என்றும், அன்னாருக்கு உறுப்பினர் எவரும் இனிக் கை தட்டலாகாது என்றும்' ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எழுதிக் கையெழுத்துப் போட்டவர் செயலாளர். ஏணியோ அவருடைய சொந்தத் தங்கையின் கணவர். அன்றிலிருந்து தங்கை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கமாகக் கடந்து போய்விடுவாள்.

இப்போது ஏணி முப்பத்தேழு வயதில், வழுக்கைத் தலையோடு லீக்குக்குத் திரும்பி வந்தார். ஒரே ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். செய்தியைக் கேட்டதும் செயலாளரின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தீர்மானத்தை மாற்றிவிட்டால் தங்கை பேசிவிடுவாள் இல்லையா? அவசரக் கூட்டம் கூட்டினார்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். எதையும் பிடுங்குவதற்கு முன்னால் நன்றாக யோசிப்பவர்.

"அபிப்பிராயத்தை அப்படிச் சட்டுனு மாத்த முடியாது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்றார்.

முறை என்றால் மறுமதிப்பீட்டுக் குழு. மூன்று பேர் கொண்ட அந்தக் குழு பத்து ஆட்டங்களைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுக்கும். அதுவரை ஏணியைப் பற்றிய கருத்து பரிசீலனையில் இருப்பதால் உறுப்பினர்கள் கை தட்டவும் கூடாது, கூச்சல் போடவும் கூடாது, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்திருக்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் ஏணி பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. அரங்கத்தில் ஈ எறும்பு சத்தம்கூட இல்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏணி நாலா பக்கமும் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல் வரிசையிலிருந்து தங்கை திரும்பி அண்ணனை மட்டும் பார்த்தாள். செயலாளருக்கு உயிரே போய்விட்டது.

மூன்றாவது ஆட்டம். கடைசி வினாடியில் ஏணி எறிந்தார், பந்து விழுந்தது, ஒரு புள்ளியில் வெற்றி. செயலாளரின் கைகள் அவரைக் கேட்காமலே ஒரு தடவை சேர்ந்து பிரிந்தன. அந்த நிசப்தத்தில் அது பட்டாசு மாதிரி கேட்டது. குழுவின் மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

விதிப்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. நோட்டீஸில் செயலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பினார். மறுநாள் கடையில் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். 'ஆம், தட்டினேன், மனசாரத் தட்டினேன்' என்றுதான் முதலில் பதில் எழுதினார். அப்புறம் பதவி நினைவுக்கு வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'கொசு அடித்தேன்' என்று எழுதிக் கொடுத்தார்.

"கொசு செத்துதா?" என்று தலைவர் விசாரித்தார்.

"தப்பிச்சிடுச்சு."

குழுவுக்கு விளக்கம் திருப்திகரமாக இருந்தது. 'உறுப்பினர்கள் தற்காப்பு நிமித்தம் கொசு அடிக்கத் தடையேதுமில்லை' என்று குறிப்பேட்டில் ஏறியது.

நாலாவது ஆட்டத்தில் ஏணியின் முதல் பந்து விழுந்ததுதான் தாமதம், இரண்டாயிரம் பேரும் கொசு அடித்தார்கள். கூரை அதிர்ந்தது. சிலர் எழுந்து நின்று தலைக்கு மேலே அடித்தார்கள். ஒருவர் கொசுவைப் பயமுறுத்த விசில்கூட அடித்தார். ஏணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இருபது வயசுப் பையன் மாதிரி ஆடினார். தங்கை அண்ணன் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள். ஆறு வருஷத்தில் முதல் சிரிப்பு.

ஆனால் குழு என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? ஒரே ஆட்டத்தில் சுமார் நாற்பதாயிரம் கொசுக்கள் அடிக்கப்பட்டதாகக் கணக்கெடுத்து, சுகாதார இலாகாவுக்கு ஒரு கடிதம் தயாரித்தது. அதையும் செயலாளரிடம்தான் கையெழுத்துக்கு நீட்டினார்கள். கொசுவே கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவர் கொடுத்த விளக்கம் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போட்டார்.

சுகாதார அதிகாரி வந்தார். அரங்கம் முழுக்கத் தேடியும் ஒரு கொசுகூட அகப்படவில்லை. நாற்பதாயிரம் இருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால் அது மிகவும் தந்திரமான இனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆறு மாதத்துக்கு அரங்கத்துக்குச் சீல் வைத்தார். லீக்குக்கு வேறு அரங்கம் கிடையாது, சீசன் அத்தோடு முடிந்தது. ஏணியின் ஒப்பந்தமும் முடிந்தது.

மறுநாளே குழுவின் அறிக்கை வந்துவிட்டது. 'அன்னார் இனி ஆடப்போவதில்லை என்பதால் மதிப்பிடுவதில் சிரமம் ஏதும் இல்லை' என்று தொடங்கி, ஏணியைப் போன்ற வீரர் பிறந்ததும் இல்லை, பிறக்கப்போவதும் இல்லை என்று அது முடிந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தோடு செயலாளர் தங்கை வீட்டுக்குப் போனார்.

ஏணி முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க மச்சான், உட்காருங்க" என்று பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

தங்கை உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"அண்ணா, அன்னிக்கு மூணாவது ஆட்டத்துல நீ அடிச்சது கொசுவா?"

ஆறு வருஷமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்த குரல். செயலாளர் வாயைத் திறந்தார். குழு ஏற்றுக்கொண்ட விளக்கத்தைத் தனியாக மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

"ஆமாம்மா" என்றார்.

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

ஏணி ஐஸ் பையைத் திருப்பி வைத்துவிட்டு, "மச்சான், உங்க கையில கொசு" என்றார்.

நிஜக் கொசுதான். மணிக்கட்டில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. செயலாளர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.