கெட்டி மேளத்துக்குத் தூங்கியவன்

அன்று மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐயர் இருந்தார். பெண் இருந்தாள், பெயர் வளர்மதி. பெண்ணின் அப்பா தண்டபாணி இருந்தார். பழனி அடிவாரத்தில் விபூதியும் சந்தனமும் விற்கும் கடைக்காரர். அவருடைய மூத்த மருமகன் கணேசன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். (தூண் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றும் சொல்லலாம்.) என் அக்கா ஜோதி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மேடைக்குக் கீழே நாதஸ்வரக்காரர் பிச்சைமணி. அவர் பக்கத்தில் தவில்காரர். எதிரே நாற்காலிகளில் பாதிப் பேர் பழனிக்காரர்கள். மீதிப் பேர் வில்பட்டியிலிருந்து வேனில் வந்து இறங்கிய எங்கள் ஆட்கள்.

மாப்பிள்ளையும் இருந்தான். மணையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளை நான்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் தூக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். எனக்குச் சோலி வண்டி ஓட்டுவது. வில்பட்டித் தோட்டங்களில் கேரட்டும் பீன்ஸும் பூண்டும் ஏற்றி, பழனி ரோட்டில் மலை இறங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விடியுமுன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு நடுச்சாமத்தில் கிளம்ப வேண்டும். அதற்கு, ஊரே டிவி பார்க்கும் நேரத்தில் நான் தூங்கியாக வேண்டும். படுப்பேன். கண் மூடும். தூக்கம் வராது. பக்கத்து வீட்டு நாடகத்தில் மாமியார் மருமகளைத் திட்டுவது முழுசாகக் கேட்கும். மறுநாள் யாராவது கதை கேட்டால் சொல்லும் அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் ஒரு கொண்டை ஊசி வளைவில் கண் செருகிவிட்டது. டயர் தடுப்புச் சுவரை உரசி நின்றது. இறங்கி எட்டிப் பார்த்தேன். கீழே மேகம்தான் தெரிந்தது. அன்றைக்கே கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரை கேட்டேன். டாக்டரம்மா தரவில்லை.

“மாத்திரையப் போட்டுட்டு ஸ்டியரிங் புடிப்பீங்களா? பாட்டு கேக்குற பழக்கம் உண்டா?”

“உண்டு.”

“படுக்கறதுக்கு முன்னாடி தினமும் கேளுங்க. ஒரே டைம், ஒரே மியூசிக். ஸ்லோவா இருக்கணும். சவுண்டு கம்மியா வைங்க. கேக்கக் கேக்க மூச்சு நிதானத்துக்கு வரும், படபடப்பு அடங்கும். கொஞ்ச நாள்ல உங்க பிரெய்ன் கத்துக்கும். இந்தச் சத்தம் வந்தா தூங்கணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும்.”

“எம் மூளையா? ஸ்கூல்ல எதையும் கத்துக்கலியே டாக்டர்.”

“இதுக்குப் பரீட்சையெல்லாம் இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு, வண்டியில மட்டும் அதப் போட்டுறாதீங்க.”

வண்டியில் போடவில்லை. சொன்னபடி கேட்டேன். பரீட்சை இல்லை என்று சொன்னார் பாருங்கள், அதில்தான் டாக்டரம்மா தப்புப் பண்ணிவிட்டார்.

முதலில் சினிமாப் பாட்டு போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. வார்த்தை இருந்தால் மூளை அதன் பின்னாலேயே போகிறது. காதலி ஏமாற்றிவிட்டாள் என்று ஒருவன் உருகினால், எனக்கு பீன்ஸ் விலை ஏமாற்றியது ஞாபகம் வரும். அதற்கப்புறம் எங்கே தூங்குவது? குத்துப் பாட்டுப் போட்டால் அதைவிட மோசம். படுத்த இடத்திலேயே கால் கிளட்சை மிதிக்கும்.

அப்போதுதான் போனில் கிடந்த ஒரு நாதஸ்வரம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்த் திருவிழாவில் பிச்சைமணி என்று ஒருவர் வந்து வாசித்தார். நல்லா இருக்கிறதே என்று அப்போது பிடித்து வைத்தது. மெதுவாக, இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல் வாசித்திருப்பார். என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. அதைப் போட்டுப் படுத்தேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பாதியில் தூங்கினேன். அப்புறம் தொடங்கியதும் தூங்கினேன். அப்புறம் அவர் சீவாளியை வாயில் வைத்து ‘பீ’ என்று பார்ப்பாரே, அதற்கே தூங்கினேன். அந்தப் பதிவு எப்படி முடிகிறது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

வண்டி ஒழுங்காக ஓடியது. என் மூளைக்கு நானே ஒரு சாவி செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பெண் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

பெண் பேசும்போது தண்டபாணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “மாப்ள வண்டி ஓட்டுறவருன்னு சொன்னாங்க. தப்பா நெனைக்காதீங்க. எனக்கு நகை நட்டு, சொத்து பத்தெல்லாம் முக்கியமில்ல. குடி இருக்கக் கூடாது. ஒரு மருமகனைப் பாத்து ஒடஞ்சது போதும்.” கணேசன் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தார். ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

எனக்குக் குடி கிடையாது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் ஒரு நிபந்தனை போட்டேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாங்க. மேளம் மட்டும் பிச்சைமணி அண்ணன்தான் வாசிக்கணும்.”

நன்றிக்கடன். என்னைத் தினமும் தூங்க வைத்த மனுசன். அவர் மேளத்தில் தாலி கட்ட வேண்டும் என்று ஆசை. வண்டியில் போடாதே என்று டாக்டரம்மா சொன்னார். மண்டபத்தில் போடாதே என்று சொல்லவில்லையே.

இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு நிபந்தனை. இரண்டும் மேடையில் வைத்து நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

காலையில் மணையில் உட்கார்ந்தேன். ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். பிச்சைமணி கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தார். அதே ஆள். அதே இழுப்பு. நானும் கண்ணை மூடினேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். பழக்கத்தில் என் இடது கை கியரைத் தேடியது. ஐயரின் முழங்கால் கிடைத்தது. இரண்டாவது கியர் போட்டேன்.

ஐயர் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தார்.

மண்டபம் மொத்தமும் என்னைப் பார்த்தது. தண்டபாணி எனக்கு நேரே நின்றார். மேளத்தை நிறுத்தியது அவர்தான்.

“மாப்ள, என்ன இது?”

“தூங்கிட்டேங்க.”

“தாலி கட்டுற நேரத்துலயா?”

என் அக்கா குறுக்கே வந்தாள். நல்லது செய்வதாக நினைத்து வந்தாள். பழனிக்காரர் ஒருவர், “ராத்திரி முழிச்சிருப்பாரு, பாவம்” என்று எனக்காகப் பேசினார். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். அக்கா விடவில்லை.

“இல்லீங்க, வெள்ளனே படுத்துட்டான். அடிச்சுப் போட்ட மாதிரில்ல தூங்குனான்!”

தண்டபாணி முகம் இறுகிவிட்டது. கணேசனைப் பார்த்துக் கையைக் காட்டினார். இந்த விஷயத்தில் அவர்கள் குடும்பத்தில் அனுபவஸ்தர் அவர் ஒருவர்தான். கணேசன் தூணை விட்டுவிட்டு மேடை ஏறி வந்தார். என் வாயருகே மூக்கை வைத்தார். நிதானமாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

“மாமா, சுத்தம். ஒரு சொட்டு இல்ல.”

“நீ சொன்னா நான் நம்பணுமாக்கும்? ஒன் வாசம் தாண்டி அவரு வாசம் ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

கணேசன் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் நியாயந்தான்” என்று சொல்லிவிட்டுத் தூணுக்குத் திரும்பிப் போனார்.

நான் எழுந்து நின்றேன். “நான் குடிக்கலீங்க. நாதஸ்வரம் கேட்டுத் தூங்குனேன். டாக்டர் சொன்னது. மூளைக்கு அது பழகிப் போச்சு.”

முன்வரிசையில் சிரித்தார்கள். தண்டபாணி சிரிக்கவில்லை. “நானும் எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன் மாப்ள. தூண்ல சாஞ்சு நிக்கிறாரே, அவரு ஒரு நூறு சொல்லியிருப்பாரு. இது புதுசு.” குரல் தாழ்ந்தது. “ஒரு பொண்ணு வாழ்க்கைய ஏற்கெனவே தொலைச்சுட்டேன். இன்னொண்ணுக்கு நான் துணிய மாட்டேன். ஐயரே, நெருப்ப அணைங்க.”

வில்பட்டி ஆட்கள் எழுந்துவிட்டார்கள். முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கிறது, வெரசாகப் பேசி முடியுங்கள் என்றார் ஐயர்.

அக்காவுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. என் போனை எடுத்தாள். “நீங்களே பாருங்க சம்மந்தி” என்று அந்தப் பதிவைப் போட்டுவிட்டாள். எனக்கு அது தெரியாது. நான் மும்முரமாக என் நாணயத்தை நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

“நான் வண்டி ஓட்டுறவன்தான். ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒரு பய என்னையக் குறை சொன்னதில்ல. எங்க அப்பா மேல சத்தியமா...”

சத்தியம் முடியவில்லை. நின்ற நிலையிலேயே சாய்ந்தேனாம். எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர் தாங்கினார்களாம். நான் பார்க்கவில்லை. சொல்லக் கேட்டதுதான்.

அக்கா பாட்டை நிறுத்தினாள். “...ஒரு சொட்டுத் தொட்டதில்ல” என்று நான் முடித்தேனாம்.

கீழே பிச்சைமணி எழுந்து நின்றுவிட்டார். “இது நான் வாசிச்சதுல்ல?” என்றார். முதலில் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் சுருங்கியது. “ஏன் தம்பி, இத்தன வருசமா வாசிக்கிறேன். எம் வாசிப்புக்கு ஒருத்தன் தூங்கி நான் பாத்ததில்ல.”

“நாம எங்கண்ணே கண்ணத் தொறந்து வாசிக்கிறோம், பாக்குறதுக்கு?” என்றார் தவில்காரர்.

தண்டபாணிக்குச் சந்தேகம் பாதிதான் போயிற்று. இதுவும் நடிப்பாக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் மகளாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

அதுவரைக்கும் தலை குனிந்து உட்கார்ந்திருந்த வளர்மதி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே அன்றைக்குத்தான்.

“அப்பா, கணேசன் அத்தான் எத்தன தடவ விழுந்து கெடந்திருக்காரு?”

“அத ஏன் இப்பக் கேக்குற?”

“ஒரு தடவையாவது மேளத்த நிப்பாட்டுனதும் எந்திரிச்சு உக்காந்தாரா?”

தூண் பக்கத்திலிருந்து கணேசன் பதில் சொன்னார். “இல்ல.”

“குடிச்சவுகளுக்கு மேளம் நின்னா என்ன, நிக்காட்டி என்ன? இவரு தூக்கத்துக்குச் சாவி இருக்குப்பா. தொறக்குறதும் பூட்டுறதும் தெரிஞ்சு போச்சு. எங்க அக்கா வீட்டுல தெனமும் சாவி இல்லாத பூட்டோடதான மல்லுக்கட்டிக்கிட்டு கெடக்கா. எனக்கு இவரு போதும்.”

தண்டபாணி தன் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ஐயரே, நெருப்பத் தூண்டி விடுங்க” என்றார்.

நாதஸ்வரம் வேண்டாம், தவில் மட்டும் போதும் என்று யாரோ சொன்னார்கள். பிச்சைமணி ஒத்துக்கொள்ளவில்லை. நாதஸ்வரம் இல்லாமல் தாலியா, அது என்ன பேச்சு என்று கேட்டார். தண்டபாணியும் அதையே சொன்னார். வேகமாக வாசிக்கிறேன், மாப்பிள்ளை ஆடுவாரே தவிரத் தூங்க மாட்டார் என்று பிச்சைமணி வாக்குக் கொடுத்தார். வேகமாகத்தான் வாசித்தார். என் மூளை பிடித்து வைத்திருந்தது அவருடைய மூச்சை. வேகத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. தலை ஆடியது. உடனே இடது கையில் சுரீர் என்றது. வளர்மதி மாலைக்குள் கையை விட்டுக் கிள்ளினாள். விழித்தேன். மறுபடியும் ஆடினேன். மறுபடியும் கிள்ளினாள். அவளுக்கு நகம் கொஞ்சம் நீளம்.

அப்படியே தாலி கட்டினேன். மற்ற இரண்டு முடிச்சுகளையும் என் அக்கா போட்டாள். கல்யாணம் முடிந்தது.

பிச்சைமணி கிளம்பும்போது என்னிடம் மட்டும் வந்தார். வருத்தப்படுவாரோ என்று நினைத்தேன். “தம்பி, அந்தப் பதிவ எனக்கு அனுப்பி விடுங்க. எனக்கும் கொஞ்ச நாளாத் தூக்கம் வரல” என்றார்.

பிறகு டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமாயிற்று. பாட்டை மாற்றிப் பாருங்கள் என்றார். மாற்றவில்லை. வேலை செய்கிற சாமானை எவனாவது மாற்றுவானா? இன்றைக்கும் அதே பிச்சைமணி, அதே நேரம். படுத்தால் தூக்கம். அந்த வளைவுக்கு அப்புறம் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. என் மகள் தொட்டிலில் கிடந்தபோது அவளுக்கும் அதுவே ஓடியது. அதனால் அவள் காதுகுத்துக்கு பேண்டு செட்டு வைத்தோம்.

என் மாமனார் என்னை அறிமுகப்படுத்துவதே ஒரு தினுசு. “எம் ரெண்டாவது மருமகன். கெட்டி மேளத்துக்கே தூங்குனவரு. கையால கிளாஸத் தொட மாட்டாரு” என்பார். இரண்டையும் ஒரே பெருமையில் சொல்வார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் கல்யாண வீடியோ ஓடும். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் போடுவார்கள். இல்லாவிட்டால் நானும் மகளும் அங்கேயே படுத்துவிடுவோம். என் தலை ஆடும் ஒவ்வொரு தடவையும் மகள் விரல் விட்டு எண்ணுவாள். கடைசியில் எப்போதும் பதினாறுதான் வரும். போன வாரம் அக்கா வந்திருந்தாள். அப்போதும் பதினாறு என்று சொல்லி மகள் கையைத் தட்டினாள்.

தாலி கட்டுகிற இடம் வந்தபோது அக்கா நெகிழ்ந்துபோனாள். “பாருலே, எம்புட்டுப் பிரியமா அவ தோள்ல நெத்திய வச்சு முடிச்சுப் போடுற!”

முதல் முடிச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்து ஞாபகம் இருப்பது என் தலையில் கிடந்த அட்சதை.

வளர்மதி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்கு ரெண்டு கையும் கும்புட்டபடி இருந்துச்சு, கிள்ள முடியல. குறட்டை என் காதுலதான் கேட்டுச்சு.” ஒரு பல்லை உரித்துத் தட்டில் போட்டாள். “பதினேழு.”