பெரு அண்ணனின் ஸ்ட்ரைக்கர்

பெரு நாட்டைப் பற்றி இந்தப் பூமியில் அதிகம் கவலைப்பட்ட மனிதர் அந்த நாட்டு ஜனாதிபதி இல்லை. மெல்பர்ன் டண்டினொங்கில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த எங்கள் பெரு அண்ணன்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஒரே வீட்டில் வருடக்கணக்கில் குடியிருந்தும் நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் விருதுநகர்க்காரன். படிப்பை முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே, வாடகை குறைந்த அறை தேடிப் போய்ச் சேர்ந்த வீடு அது. ஒரு அறையில் பெரு அண்ணன், இன்னொன்றில் கிடங்கில் வேலை பார்த்த ஜெகன். இருவரும் படகில் வந்து தற்காலிக விசாவில் இருந்த இலங்கைத் தமிழர்கள். முதல் நாள் காலை காபி போடப் போனால், சமையலறையில் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணே ஆச்சு?"

"முழங்கால். சவ்வு அறுந்து போச்சாம்."

"யாருக்கு?"

"எங்கட ஆளுக்கு. பிரான்சில ஆஸ்பத்திரியில கிடக்கிறான்."

இலங்கைக் குடும்பங்களில் பிரான்சில் ஆள் இல்லாத குடும்பம் ஏது? கூடப் பிறந்த தம்பி என்று முடிவு செய்து கையைப் பிடித்துக்கொண்டேன். "கவலைப்படாதீங்க அண்ணே, பார்த்துக்க வீட்டுல யாராவது இருக்காங்கள்ல?"

"எங்க? கட்டினவள் விட்டிட்டுப் போயிட்டாள்" என்று இன்னும் பலமாக அழுதார். அவருக்கும் சேர்த்து நானே காபி போட்டேன்.

சாயங்காலம் ஜெகனிடம், "அந்த பிரான்ஸ் தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தேன். ஜெகன் சோபாவிலிருந்து வழுக்கித் தரைக்கே போய்விட்டான்.

"தம்பியோ? அது பெரு நாட்டு புட்போல் பிளேயரடா!"

அன்று எனக்கு விழுந்தது அதிர்ச்சியின் முதல் தவணைதான்.

வில்லாவுட் தடுப்பு முகாமில் பிடித்த பைத்தியம் இது. அங்கே அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர், விசா முடிந்தும் தங்கிவிட்ட ஒரு பெரு நாட்டுக்காரர். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பொழுது போக வேண்டுமே? அவர் கையாலும் காலாலும் தன் நாட்டு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போடும் ஆட்டக்காரர், ஒருவரின் கதையை நடித்துக் காட்ட ஆரம்பித்தார். மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் மீன் கூடை தூக்கி, மதியம் வெறுங்காலில் பந்து உதைத்த கதை. உள்ளூர் கிளப்காரர்கள் குள்ளன் என்று திருப்பி அனுப்பிய கதை. பிரான்சில் முதல் வருடம் முழுக்க ஆட இறக்காமல், தலையில் பனி விழ விழ பெஞ்சில் உட்கார்ந்திருந்த கதை. ஒருநாள் அந்த அறைத்தோழரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வெளியே வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது கொஞ்சம் ஸ்பானிஷும் முழு ஸ்ட்ரைக்கரும்.

அந்த ஸ்ட்ரைக்கரின் பெயரை மட்டும் அண்ணன் வாயால் சொல்லவே மாட்டார். எப்போதும் "எங்கட ஆள்"தான். ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது கேரம் டவுன்ஸ் கோயிலில், முழங்காலுக்காக அர்ச்சனை செய்யப் போனபோது.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, நான்கு துண்டாக நீண்ட ஒரு ஸ்பானியப் பெயரைச் சொன்னார். குருக்கள் இன்னொரு முறை கேட்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, "நட்சத்திரம்?"

"விசாகம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, அது எப்படித் தெரியும்?"

"அவன்ர அம்மா பேட்டியில சொன்னவ, காலமைப் பூசைக்கு மணி அடிக்கேக்க பிறந்தவன் எண்டு. யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரைக் கொண்டு குறிப்பு எழுதுவிச்சனான். சனி காலிலதான் நிக்குது."

"கோத்திரம்?"

"சிவ கோத்திரம்."

ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கு! குருக்கள் பெயரின் முதல் துண்டை மட்டும் கணீரென்று சொல்லி, மற்ற மூன்றையும் மந்திரத்தோடு கரைத்துவிட்டார். டாக்டர்கள் சொன்னதற்கு முன்பே அந்த முழங்கால் குணமாகி, ஆள் மைதானத்துக்குத் திரும்பியதுதான் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே கோல். அப்போது அண்ணன் வேலையில், காதில் ஒளித்து வைத்த இயர்போனோடு நின்றிருக்கிறார். தென்னமெரிக்க வர்ணனையாளர் மாதிரி மூச்சு முடியும்வரை "கோ...ல்" என்று அலறியதில், யாருக்கோ விரல் போய்விட்டது என்று பயந்து ஒருத்தர் எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டார். பெல்ட் நின்றது. கோழிகள் அந்தரத்தில் நின்றன. சூப்பர்வைசர் அம்மா ஓடிவந்து ஒவ்வொருவர் கையாக விரல் எண்ணிப் பார்த்தாராம்.

உலகக் கிண்ணத்துக்குப் போகும் கடைசி இடத்துக்காக ஆஸ்திரேலியாவும் பெருவும் மோதியபோது ஜெகன் நடுங்கிப்போனான். "அண்ணை, உங்கட விசா அலுவல் இன்னும் முடியேல்ல. பெருவுக்குக் கத்தாதேங்கோ. ஆரும் போட்டுக் குடுத்தா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து கத்தினார். எங்கட ஆள் மறுபடி காயம்பட்டு அணியிலேயே இல்லை. கடைசியில் பெனால்டியில் ஆஸ்திரேலியா ஜெயித்தது. இவர் டிவியை உடைக்கப்போகிறார் என்று நான் ரிமோட்டை ஒளித்தேன். அவரோ எழுந்து எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். "வாழ்த்துக்கள். உங்கட நாடு வெண்டிட்டுது."

எங்கள் மூன்று பேரில் யாருக்குமே அது நாடாக ஆகியிருக்கவில்லை. அவர் பாட்டுக்கு பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஒருநாள் வேலை நேரத்தில் ஜெகன் எனக்குப் போன் போட்டான். குரலே சரியில்லை.

"மச்சான், அவன் ஓய்வு எண்டு அறிவிச்சிட்டான். அண்ணைக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார்."

இருவரும் அவசரமாக வீட்டுக்கு வந்தோம்; நான் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். ஏரியா முழுக்கக் கோளாறு என்று சொல்வதாகத் திட்டம். அண்ணன் உள்ளே வந்தார். "வயரைக் கொழுவு. எனக்குத் தெரியும்" என்றார்.

அழவில்லை. முழங்காலுக்கு அப்படி அழுத மனிதர் இதற்கு அழவில்லை. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இனி பிள்ளையோட என்னத்தைக் கதைக்கிறது?"

கிளிநொச்சியில் அவருக்கு மனைவியும் ஒரு மகளும் இருப்பது தெரியும். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுவார். என்ன பேசுவார் என்று நாங்கள் யோசித்ததில்லை.

"நான் வெளிக்கிடேக்க அவள் தவழுற பிள்ளை. கதைக்கத் தொடங்கின பிறகு, சாப்பிட்டியோ எண்டு கேப்பன், ஓம் எண்டுவாள். படிச்சியோ எண்டா, ஓம். அதோட முடிஞ்சுது. ஒருநாள் எங்கட ஆள் பனிக்குள்ள குந்தியிருந்த கதையைச் சொன்னன். ‘பிறகு?’ எண்டு கேட்டாள். அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் ‘பிறகு, பிறகு’ தான். கோழி வெட்டினன் எண்டு நெடுகச் சொல்ல ஏலுமோ?"

ஜெகன் என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த வயரைப் பார்த்தேன்.

இரண்டு நாள் வீடு செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல்: "இண்டைக்கு ரெண்டு கோல், மகள்! ரெண்டும் இடக்காலால!"

கதவைத் திறந்துகொண்டு ஓடினோம். "அண்ணே, அவரு ரிட்டயர் ஆயிட்டாரே!"

போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "அது உங்களுக்கு."

அன்றிலிருந்து அந்த ஸ்ட்ரைக்கரின் பொற்காலம் ஆரம்பமானது. ஓய்வு பெற்ற நாற்பது வயதுக்காரர் வாராவாரம் ஹாட்ரிக் போட்டார். ஸ்கோர் தயாரிப்பு என் பொறுப்பு, காயங்களும் சொந்த வாழ்க்கையும் ஜெகன் பொறுப்பு. அவன் உற்சாகத்தில் ஒரு டிவி நடிகையோடு அவருக்கு இரண்டாம் கல்யாணமே செய்து வைத்துவிட்டான்.

ஒருவழியாக அண்ணனுக்கு நிரந்தர விசா வந்தது. மனைவிக்கும் மகளுக்கும் மனுப் போட்டு, அதுவும் கிடைத்து, அவர்கள் வந்திறங்கிய அன்று என் காரில்தான் விமான நிலையம் போனோம். அம்மாவோடு வெளியே வந்த மகள் அவர் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். இருவரும் கட்டிப்பிடிக்கத் தெரியாமல் நின்றார்கள்.

"பிளேனில சாப்பிட்டியோ?"

"ஓம்."

அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சே இல்லை. கார் பாதி தூரம் வந்தும் இல்லை. தாங்க முடியாமல் ஜெகன் குதித்தான்: "மகள், போன கிழமை எங்கட ஆள் தலையால அடிச்ச கோல் இருக்கே..."

"மாமா, அவர் எப்பவோ ஓய்வெடுத்திட்டார். இப்ப சின்னப் பிள்ளையளுக்குப் பந்தடிக்கப் பழக்கிறார்."

நான் திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டி ஓட்டிவிட்டேன்.

"உனக்குத் தெரியுமோ?" என்றார் அண்ணன், குரலே எழும்பாமல்.

"அண்டைக்கே தெரியும். இன்டர்நெற்றில போட்டிருந்தது."

"எனக்கும்தான் தெரியும்" என்றார் அண்ணி. "அந்த நடிகையைக் கட்டினதுதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

ஜெகன் சீட்டுக்குள் புதைந்தான். அண்ணன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிறகேன் மகள், நீ ஒண்டும் சொல்லேல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னா நீங்கள் போன் எடுக்கிறதை நிப்பாட்டிடுவீங்களோ எண்டு பயமா இருந்தது."

எத்தனையோ அதிர்ச்சி கொடுத்த மனிதர் அன்று ஒன்றை வாங்கிக்கொண்டு, மகளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

எனக்கும் வேலை கிடைத்து, இப்போது ஊரின் மறுகோடியில் இருக்கிறேன். எப்போதாவது போன் செய்தால் அண்ணன், "பிறகு எடு, பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்று பட்டென்று வைத்துவிடுகிறார். வேறு யார் அப்படிச் செய்தாலும் எனக்குக் கோபம் வரும்.