பூவாளி அடைப்பு நீக்குநர்

நிலக்கரித் தூளைக் கழுவுவது லேசான காரியம்தான். ஆறு ஆள் உயரத் தொட்டியில் கரிச்சேற்றை ஊற்றி, அடியிலிருந்து காற்றை விட்டால் போதும். கரி குமிழியைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும். மண் அடியில் தங்கும். கூடவே தொற்றிக்கொண்டு வருகிற மண்ணை, உச்சியில் உள்ள பூவாளி தண்ணீர் தூவிக் கழுவிவிடும். இதை மேம்படுத்த ஆலையின் உயர்மட்டக் குழு மூன்று வருஷமாக அரும்பாடுபட்டு ஏழு தடவை கூடியிருந்தது.

குவளைக்காரி அந்தக் குழுவில் இல்லை. மணிக்கொரு தரம் நுரையைக் குவளையில் பிடித்துச் சோதனைக்குக் கொடுப்பவள். தற்காலிக வேலை, மாசக் கடைசியோடு சரி. வீட்டில் கைக்குழந்தை. எப்படியாவது வேலை நிலைக்க வேண்டுமே என்பது ஒன்றுதான் அவள் கவலை.

ஒரு நாள் ஏணியில் ஏறிப் பார்த்தால், பூவாளியில் பாதி ஓட்டை அடைத்திருந்தது. கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் குத்திவிட்டாள். கரியில் பதினெட்டு சதவீதமாக இருந்த சாம்பல், அதாவது எரித்தால் மிஞ்சுகிற மண், பத்துக்கு இறங்கிவிட்டது. தனக்கு இவ்வளவு மூளையா என்று அவளுக்கே சந்தேகம்.

மேலாளர் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டும்மா குத்தின?"

"அடைச்சிருந்துச்சு சார்."

"எங்களுக்குத் தெரியாதா? அடைப்பு குழுவோட ஆய்வுப் பொருள். அதையே காணாமப் பண்ணிட்டியே."

"இப்ப என்ன சார் பண்றது?"

"பழையபடி அடைச்சிடு. குழு பாத்து, முறைப்படி நீக்கணும்."

வேலை போய்விடுமே என்று அவளும் களிமண்ணைப் பிசைந்து ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தாள். குழு தொப்பி மாட்டிக்கொண்டு வந்து அடைப்பைப் பார்வையிட்டது. அவள் குத்தினாள். கைதட்டினார்கள். 'தலைமுடிப் பராமரிப்பு உபகரணம் வாயிலான தூவல் மேம்பாட்டுத் திட்டம்' அன்றே நிறைவேறியது. அவளுக்கு நிரந்தர வேலையும் வந்தது: அடைப்பு நீக்குநர். ஒரே நிபந்தனை, தினம் ஒரு முறையாவது அடைப்பு நீக்கப்பட வேண்டும். இல்லையேல் பதவி ரத்து.

இப்போதெல்லாம் காலையில் வந்ததும் அடைக்கிறாள், மதியம் நீக்குகிறாள். சராசரிச் சாம்பல் பதினாலு. குழு இதைச் சாதனை என்று அறிவித்தது. அவளும் தலையாட்டினாள்.

வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன்டி, அடைக்காமலே விட்டா கரி நாள் பூரா சுத்தமா வருமே?"

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அச்சு அசல் மேலாளர் மாதிரி தொண்டையைச் செருமினாள்.

"யாரைக் கேட்டுப் பேசறீங்க? எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

அவர் எழுந்து பேனா தேடப் போனார்.