ஓடும் நிலையில் உள்ளது

இன்ஜின் கிளம்பாமலேயே ஓடிய டீசல் கார் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் சுகாதார அலுவலகத்துக் கார். அதை அப்படி ஓட்டிக் காட்டிய பெருமை, வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளராகிய என்னையே சேரும். நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு யாரும் சொல்ல முன்வராததால் அந்தக் கடமையையும் நானே செய்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் 'நிலுவையில்லா அலுவலகம்' என்ற மகத்தான திட்டம். ஒரு வேலை முடிந்த ஐந்தாவது நிமிடம் அதற்குச் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும். இதற்காக எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் மூச்சுப் பயிற்சி, இரண்டாம் நாள் ஒன்றாகக் கைதட்டும் பயிற்சி, மூன்றாம் நாள் ரப்பர் ஸ்டாம்ப். மூன்றிலும் நான் முதல் வகுப்பு.

அன்று காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்தார். அவரிடம் இருந்த உத்தரவில் 'டீசல் ஃபில்டர் மாற்றுதல்' என்று எழுதியிருந்தது. மாற்றினார், பானெட்டை மூடினார், போய்விட்டார். வண்டியைக் கிளப்பிப் பார்க்கவில்லை. உத்தரவில் அது இல்லை. உத்தரவை எழுதியவன் நான். ஐந்தாவது நிமிடம் சான்றிதழை எழுதி, முத்திரை குத்தி, முன்கண்ணாடியில் ஒட்டினேன்: 'வாகனம் ஓடும் நிலையில் உள்ளது.'

ஒன்பதரைக்கு நர்ஸ் வந்தார். தோளில் தடுப்பூசிப் பெட்டி. கல்குவாரிக் குடியிருப்பில் நாற்பத்திரண்டு குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பூசி போட வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பெட்டியில் இருக்கும் ஐஸ் பன்னிரண்டு மணி வரைதான் தாங்கும்.

"உங்க பேத்தியும் லிஸ்டுல இருக்கா சார். பதினேழாவது பேரு" என்றார் நர்ஸ்.

என் மகளை அந்தக் குடியிருப்பில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நான் சிரிக்கக்கூட இல்லை. நிர்வாகம் வேறு, சொந்தபந்தம் வேறு.

டிரைவர் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றியது. இன்ஜின் வாயே திறக்கவில்லை. நாலு தடவை திருப்பிவிட்டு இறங்கினார்.

"ஏர் புடிச்சிருக்கு சார். ஃபில்டர் மாத்துனா லைன்ல காத்து போயிடும், டீசல் ஏறாது. ஃபில்டர் தலையில ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதை லேசா லூஸ் பண்ணிட்டு கை பம்ப்பை அமுக்கிட்டே இருந்தா நுரை நுரையா வரும். நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் டைட் பண்ணிடலாம். பத்து நிமிஷ வேலை."

அவர் கை பானெட்டுக்குப் போனது.

"நில்லுப்பா! ஓடுற வண்டியோட பானெட்டை எப்படித் திறப்ப?"

"ஓடலையே சார்."

நான் கண்ணாடியைக் காட்டினேன். "படிச்சுப் பாரு."

"நான் படிச்சுட்டேன் சார். வண்டி படிக்கலையே."

இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் நாட்டை முன்னேற்ற வேண்டியிருக்கிறது. பானெட்டைத் திறக்கப் பழுது மனு வேண்டும். பழுது மனு எழுத, வண்டி ஓடவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் என் சான்றிதழ் பொய்யாகும், ஒரு வேலை நிலுவையாகும். ஒரு வருடமாக எங்கள் நிலுவை பூஜ்யம். வெள்ளிக்கிழமை அதற்காகக் கேடயம் வருகிறது.

"அப்போ வேற வண்டியாவது குடுங்க சார்" என்றார் நர்ஸ்.

"வேற வண்டி, வண்டி ஓடாதவங்களுக்குத்தான் சிஸ்டர். உங்க வண்டிதான் ஓடுதே."

பத்தரை மணிக்கு அவசரக் கூட்டம் கூடியது. பெரிய அதிகாரி தலைமை தாங்கினார். நர்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதில் செருகியிருந்த தெர்மாமீட்டரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டிரைவர் நின்றார்.

"முதல்ல ஓடுறதுன்னா என்னய்யா?" என்று ஆழமான கேள்வியை எழுப்பினார் அதிகாரி.

"ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போறது சார்" என்றேன்.

"போக வைக்க முடியுமா?"

"தள்ளினா போகும் சார்."

"தள்ளினாலும் கிளம்பாது சார், டீசல் ஏறணும்" என்றார் டிரைவர். அவருக்குக் கூட்டத்தில் பேச அதிகாரமில்லை என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை.

எட்டு ஊழியர்கள் தள்ளினார்கள். உள்ளே பெட்டியோடு நர்ஸ். அதிகாரி போர்ட்டிகோவில் நின்று பச்சைக் கொடி அசைத்தார். புகைப்படம் எடுக்கும்போது எட்டுப் பேரும் வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்றி கேட் வரை வந்ததும் அவர்களுக்கு மூச்சு இரைத்தது. முதல் நாள் பயிற்சி அங்கேதான் கைகொடுத்தது. அரை மணி நேரம் எல்லோரும் ஒழுங்காக மூச்சு விட்டார்கள்.

பன்னிரண்டே கால் ஆயிற்று. நர்ஸ் இறங்கினார். டிரைவரிடம் ஸ்பேனரை வாங்கினார், பானெட்டைத் திறந்தார்.

"சிஸ்டர், இது விதிமீறல்!" என்று குறுக்கே போனேன்.

"தள்ளுங்க சார்."

டிரைவர் இடத்தைக் காட்ட, நர்ஸ் பம்ப்பை அமுக்கினார். நுரை வந்தது, வெள்ளைச் சீருடை முழுக்கத் தெறித்தது, பிறகு நுரை நின்றது. ஸ்க்ரூவை முறுக்கினார். டிரைவர் சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் கிளம்பியது. சரியாக ஒன்பது நிமிடம். ஊழியர்கள் இரண்டாம் நாள் பயிற்சியைச் செய்து காட்டினார்கள்.

நர்ஸ் மட்டும் வண்டியில் ஏறவில்லை. பெட்டியைத் தூக்கிவந்து என் மேஜையில் வைத்தார்.

"பதினாலு டிகிரி காட்டுது சார். இனிமே இதைப் போட்டா தண்ணியைப் போடுற மாதிரிதான். அடுத்த ஸ்டாக் வர ரெண்டு மாசம் ஆகும். பக்கத்துக் குடியிருப்புல ஏற்கனவே அம்மை பரவ ஆரம்பிச்சிருக்கு, தெரியுமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. டீசல் பட்டிருக்கலாம்.

அன்றே அவருக்கு மெமோ கொடுத்தேன். குற்றம்: ஓடும் நிலையில் இருந்த வாகனத்தைப் பழுது பார்த்தது. பிறகு தடுப்பூசிப் பதிவேட்டை எடுத்தேன். வண்டி ஓடியதற்குச் சான்றிதழ் இருக்கிறது. நர்ஸ் அதில் போனதற்குப் புகைப்படம் இருக்கிறது. போனவர் ஊசி போடாமலா வருவார்? நாற்பத்திரண்டு பெயர்களுக்கும் நேராக டிக் அடித்தேன். ஒரு டிக் கூடக் கோணவில்லை. வெள்ளிக்கிழமை கேடயம் வந்தது.

மூன்றாவது வாரம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, பாப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல் கொதிக்குதுப்பா. இப்போ உடம்பெல்லாம் செவப்பு செவப்பா வந்திருக்கு. அன்னைக்கு ஊசி போட வர்றாங்கன்னு பொழுதுக்கும் வாசல்லயே நின்னோம். யாருமே வரலையே?"

"போட்டாச்சும்மா."

"யாருக்குப்பா போட்டாங்க?"

"பாப்பாவுக்குத்தான். பதினேழாவது வரிசை."

மகளுக்குப் பின்னால் குழந்தை அழுவது கேட்டது. அழக்கூடத் தெம்பில்லாத அழுகை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து பதினேழாவது டிக்கை மறுபடியும் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் பெருமையோடு பதிவு செய்கிறேன். சொந்தப் பேத்தியாயிற்றே என்று நான் எந்தப் பாரபட்சமும் காட்டவில்லை. மற்ற நாற்பத்தொரு குழந்தைகளுக்கும் எப்படி ஊசி போட்டேனோ, அப்படியேதான் அவளுக்கும் போட்டேன்.