மிளகின் வயிற்றுக்கு முறை வைத்த கதை

இந்தத் தேசத்தில் எத்தனையோ குழுக்கள் கூடியிருக்கின்றன, கலைந்திருக்கின்றன. ஆனால் ஒரு பூனையின் வயிற்றுக்காக, நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலையைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு குழு கூடியதென்றால், அது கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியதுதான். தலைவர் என் அண்ணன் அரசப்பன். செயலாளர் அடியேன் இளையபெருமாள். எங்கள் வாய்க்கால் பாசனச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், நான்தான் செயலாளர். அனுபவம் இல்லாதவர்கள் கையில் பூனையை ஒப்படைத்துவிட்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, பாருங்கள்.

பூனையின் பெயர் மிளகு. அண்ணன் மகள் எழில்மொழி நாகப்பட்டினத்தில் வேலைக்குப் போய் வருகிறவள். ஒரு மழைநாளில் பஸ் ஸ்டாண்டில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். முதலில் ஜோராகத்தான் இருந்தது. அப்புறம் பிடித்தது வயிற்றுப்போக்கு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வருஷா வருஷம் மறியல் செய்கிற ஊர் எங்களுடையது. மிளகின் கடைமடையில் மட்டும் தட்டுப்பாடே இல்லை.

வீடு பொறுத்துக்கொண்டது. குறைதீர் கூட்டத்துக்குப் போவதற்காக அண்ணன் தேய்த்து வைத்திருந்த வெள்ளை வேட்டியின் மேல் அது தன் 'மனு'வைக் கொடுத்த அன்றுதான் நிலைமை மாறியது.

"கண்ணாத்தா, சாக்கை எடு!" என்று அண்ணன் அண்ணியைப் பார்த்துக் கத்தினார்.

சாக்கு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேண்டாத பூனையைச் சாக்கில் போட்டு, வழி மறக்கட்டும் என்று தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி, ஆற்றுக்கு அந்தாண்டை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம். தண்ணீரைத் தாண்டி விட்ட பூனை திரும்பி வராது.

எழில் சாக்கின் மேல் ஏறி நின்றுகொண்டாள். "இது போனா நானும் போயிடுவேன்ப்பா. இருக்கற தெம்புக்கு இதை ஆத்துக்கு அந்தாண்ட விட்டா ஒரு நாள் தாங்காது. செத்துடும்." அழுதே விட்டாள். அண்ணன் பெரிய மனசு பண்ணி, நடவு முடியும்வரை அவகாசம் கொடுத்தார்.

எழிலும் நானும் கால்நடை டாக்டர் தஹ்மீனாவிடம் போனோம். அவர் மிளகின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வீட்ல என்னங்க குடுக்குறீங்க?"

"ஒண்ணும் குடுக்குறதில்லீங்க," என்றேன்.

"பால்?"

"பால் குடுக்காம எப்படிங்க? பூனையாச்சே!"

டாக்டர் சீட்டை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார். உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி மட்டும்தான். பால் கூடவே கூடாது. வேறு யாரும் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. இப்படியே போனால் உடம்பில் தண்ணீர் வற்றிச் செத்துவிடும் என்றார். மருந்தும் கொடுத்தார்.

அன்றைக்கே குழு கூடியது. "தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி பூனைக்கும் முறை வச்சிடுவோம்," என்றார் தலைவர். கறி வைப்பது எழில். அவள் ஆபீஸ் போன பிறகு, வேறு யாரும் எதுவும் கொடுக்காமல் காவல் காப்பது நாங்கள். காலையில் அண்ணி, மத்தியானம் நான், சாயங்காலம் அண்ணன். அண்ணி மட்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

"தீர்மானத்துல பால்னு எழுதாதீங்க தம்பி. நம்ம வீட்டுப் பூனை பால் குடிக்காதுன்னு வெளிய தெரிஞ்சா நாலு பேர் என்ன நெனப்பாங்க?"

திருத்தம் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

எங்கள் வாய்க்காலில் முறை எப்படி நடக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மதகைக் காவல் காக்கிறவர், தன் வயலுக்கு மட்டும் பலகையை லேசாகத் தூக்கிவிட்டுக்கொள்வார். அதைத் 'திறப்பு' என்று சொல்லக் கூடாது. அது 'கசிவு'. கசிவுக்கு யாரும் பொறுப்பில்லை.

மிளகின் விஷயத்திலும் திறப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. காலை முறையில் அண்ணியின் பால் சட்டியிலிருந்து கொஞ்சம் ஆடை கசிந்தது. சாயங்கால முறையில் அண்ணன் தட்டிலிருந்து முள் எடுத்த கெண்டை வறுவல் கசிந்தது. மத்தியானம் நான் காராசேவு தின்னும்போது அது என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க வைத்துத் தின்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அதை எப்படிக் கொடுத்ததாகச் சொல்வது?

மிளகுக்கு எலும்பு தெரிய ஆரம்பித்தது. எழில் வேலையிலிருந்து வந்தால் வாசலுக்கு ஓடி வருகிற பூனை, படுத்த இடத்திலிருந்து வாலை மட்டும் அசைத்தது. அவள் மடியில் போட்டுக்கொண்டு உப்பு சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். எனக்கே நெஞ்சு கரைந்துவிட்டது. மனசு கேட்காமல் மறுநாள் கூடவே ரெண்டு காராசேவு போட்டேன்.

நடவு முடிந்தது. விசாரணை தொடங்கியது.

"கண்ணாத்தா, நீ என்ன குடுத்த?"

"நான் என்னங்க குடுத்தேன்? ஒண்ணுமில்ல."

"அரசப்பா, நீ?" அண்ணன் தன்னையே கேட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "இல்லை," என்றார். தன்னையே விசாரித்துக்கொண்ட தலைவரை வேறு எந்த ஜில்லாவிலாவது காட்டுங்கள்!

"நீடா?"

"அது பாத்துச்சுண்ணே. அவ்வளவுதான்."

"எழிலு, நீ?"

"டாக்டர் சொன்ன கோழிக்கறிப்பா."

"ஆக, குடுத்தேன்னு ஒத்துக்கிட்டது நீ ஒருத்திதான்."

"அப்பா! நேத்து அது வாந்தி எடுத்ததுல காராசேவு கெடந்துச்சுப்பா!"

சபையில் சலசலப்பு. செயலாளர் என்ற முறையில் நான்தான் சமாளித்தேன். "காராசேவு தின்ன எலியைப் புடிச்சுத் தின்னிருக்கும்ண்ணே."

கோழிக்கறியால் வந்த கேடு என்று தீர்ப்பாயிற்று. அண்ணன் சாக்கை உதறினார். எழில் உள்ளே போனாள். நாலு துணியைப் பையில் திணித்தாள், மிளகைக் கூடையில் வைத்தாள், பஸ் ஏறிவிட்டாள். நாகப்பட்டினத்தில் கூட வேலை பார்க்கும் ஃபஹ்மிதாவின் ரூமில் தங்கிக்கொண்டாள். ஒரு மாசமாகியும் வீட்டுப் பக்கம் வரவில்லை. அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. அண்ணன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவராகக் கூப்பிட மாட்டார். கடைசியில் குழு கூடி, என்னை நேரில் போய்ப் பார்த்து வர அனுப்பியது. ஆளாளுக்கு மிளகுக்கென்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

எழில் கதவைப் பாதிதான் திறந்தாள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஜன்னல் கட்டையில் ஒரு பூனை. கொழுகொழுவென்று, மயிரெல்லாம் பளபளவென்று. நம்ம மிளகா என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம்.

"வாங்க சித்தப்பா. அந்தப் பையை மட்டும் வெளியவே வச்சிட்டு வாங்க."

வைத்தேன். உள்ளே போனேன். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, சொல்லாமல் என்ன!

"ஏம்மா, அங்க நாங்க இத்தனை பேரு அதைத் தாங்கு தாங்குன்னு தாங்கினோம். அப்பவும் தேறல. இங்க வந்து இப்படித் தேறியிருக்கே! யாரும்மா இங்க அதுமேல அவ்வளவு பாசமா இருக்கறது?"

"யாரும் இல்ல சித்தப்பா," என்றாள் எழில். "அதான் பொழச்சுக்கிச்சு."