நாற்பத்தேழாம் எண் மண்

தட்டு காலியாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் 47 என்ற எண் மட்டும் அவளுடைய குண்டுக் கையெழுத்தில் பத்திரமாக இருந்தது. நிழலில் காயவைத்திருந்த அரைக் கிலோ மண்ணைக் காணவில்லை.

மண் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு இருபது வருஷ சர்வீஸ். டீத்தூளைக்கூடத் தராசில் நிறுத்துப் போடுகிறவள் என்பதால் ஆபீஸில் அவள் பெயரே துல்லியம் என்றாகிவிட்டது. இந்த இருபது வருஷத்தில் ஒரு மண் மாறியதில்லை, ஒரு எண் தவறியதில்லை. உண்மையைச் சொன்னால் அவள் மண்ணை நின்று பார்த்ததே இல்லை. எண்ணைத்தான் பார்ப்பாள். வயல் என்கிற இடத்தில் காலை வைத்ததும் கிடையாது.

“துல்லியம், கொஞ்சம் இங்க வாயேன்” என்று அதிகாரி தன் அறையிலிருந்து கூப்பிட்டார்.

அவர் அறை ஜன்னலில் ஒரு புதுத் தொட்டி. தொட்டியில் ஒரு ரோஜாச் செடி. பெண்ணுக்குக் கல்யாணம் முடித்தவர்போல அதிகாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார். மண்ணு ஏது?”

“நீதானேம்மா காலையில சொன்னே, ஓரத்துத் தட்டுல இருக்கறதை எடுத்துக்கோங்கன்னு.”

சொன்னாள்தான். தராசின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், பரிசோதனை முடிந்து கொட்டவேண்டிய தட்டு இருந்த பக்கம் இடது கையை நீட்டியிருந்தாள். தட்டு வரிசைக்கு இரண்டு ஓரம் உண்டு என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அதிகாரி மற்ற ஓரத்துக்குப் போயிருக்கிறார்.

நாற்பத்தேழாம் எண்காரரை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தக்காளி போடுகிறவர். முதல் நாள் மத்தியானம் வந்து, வேர்த்து விறுவிறுத்து, பாலிதீன் பையை மேஜைமேல் வைத்தார். “ரெண்டு வருஷமா செடி பூக்கறதுக்குள்ள வாடிப் போவுதுங்க. சனிக்கிழமை ரிசல்ட்டு கிடைச்சா அடுத்த வாரம் நாத்து நட்டுடலாம்” என்று கேட்டுவிட்டுப் போனார். “கிடைக்கும்” என்று இவளும் சொல்லியிருந்தாள்.

கிடைத்தாக வேண்டும்.

அதிகாரி சாப்பிடப் போன நேரம் பார்த்து ரோஜாவைப் பிடுங்கி, தொட்டி மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துப் பரிசோதித்தாள். அதிகாரி அதில் கொட்டியிருந்த உரத்துக்கு அளவே இல்லை. தழைச்சத்துக் கணக்கு கருவியின் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது. இந்த முடிவைக் கொடுத்தால் அந்த மனிதர் மூன்று வருஷத்துக்கு உரமே போடக்கூடாது என்று அர்த்தமாகும்.

திரும்பினால் வாசலில் அதிகாரி.

“செடியை ஏன் வெளியில எடுத்தே?”

“வேருக்குக் காத்து வேணும் சார்.”

“அப்படியா? நான் தண்ணியும் உரமும்தான் வேணும்னு நெனைச்சேன்.” அவர் யோசித்தார். “எவ்வளவு நேரம் காத்து வாங்கணும்?”

“போதும் சார்” என்று செடியைத் திரும்ப நட்டாள். இருபது வருஷத்தில் அவள் ஆபீஸில் சொன்ன முதல் பொய் அது. அதற்குத் துணையாக இரண்டாவதும் உடனே வந்தது. “எனக்கு நாளைக்கு லீவு வேணும் சார். உடம்பு சரியில்லை.”

பதிவேட்டில் விலாசம் இருந்தது. மறுநாள் காலையில் பஸ் ஏறினாள். நேராகப் போய், உங்கள் மண் என்னால் தொலைந்துவிட்டது, இன்னொரு அரைக் கிலோ கொடுங்கள் என்று சொல்லிவிடுவது. சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எட்டு வார்த்தைக்குமேல் போகவில்லை.

தோட்டத்தில் தக்காளிக்காரர் இல்லை. அவருடைய மனைவி வரப்பில் நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் சூரியன் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள்.

“மேஸ்திரி அனுப்பின ஆளா? இதான் வர்ற நேரமா?”

“அக்கா, நான் வந்து...”

“சரி சரி, வந்தியே அதுவே பெரிசு. ரெண்டு வருஷமா இந்த மண்ணோட மாரடிக்கிறோம். இலை வாடுதுன்னு தண்ணி விட்டா இன்னும் வாடுது. மஞ்சளாவுதுன்னு யூரியா போட்டா நுனி கருகுது. மண்ணு ஆபீஸுக்குப் போயிட்டு வந்திருக்காரு அவரு. அவங்க சொல்றபடி இந்தத் தடவை செய்வோம். இதுலயும் எழுந்திரிக்கலைன்னா நிலத்தைக் குடுத்துட்டு டவுனுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போறேங்கறாரு.”

தொலைந்துவிட்டது என்ற வார்த்தையை இனி இங்கே சொல்ல முடியாது என்று துல்லியத்துக்குத் தெரிந்துவிட்டது.

“மம்பட்டி அங்க இருக்கு பாரு” என்றாள் அந்த அம்மாள்.

அவள் மம்பட்டியை எடுத்தாள். மண் வேண்டும், மண்ணை வெட்டத்தான் சொல்கிறார்கள். இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

மண் மாதிரி எடுக்கிற முறையை இருபது வருஷமாக அச்சடித்துக் கொடுத்துவந்தவள் அவள். வளைந்து வளைந்து நடந்து, பத்து இடத்தில், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்படியே செய்ய ஆரம்பித்தாள்.

“என்னம்மா இது, எலி தோண்டின மாதிரி இங்க ஒண்ணு அங்க ஒண்ணு? வரிசையா வெட்டு.”

“பண்றேன் அக்கா. பதம் பாக்கறேன்.”

பதம் அவளுக்கே புதிதாகத்தான் இருந்தது. மம்பட்டி ஒரு விரற்கடை இறங்கி, அதற்குக் கீழே களிமண்ணில் கப்பென்று ஒட்டிக்கொண்டது. காய்ந்த இடத்தில் மேலாக வெள்ளை பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்; கரித்தது. ஈர இடத்தில் பிடி மண்ணை உருட்டினால் கோலிக்குண்டு மாதிரி உருண்டது. ஒரு மண்புழுகூடக் கண்ணில் படவில்லை.

பத்துக் குழி மண்ணையும் மரத்தடியில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, அரைக் கிலோ ஆக்கி, டிபன் பாக்ஸில் அமுக்கி மூடினாள். உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் அதற்குள் வந்து நின்று, கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னாள். வேலைக்கு வந்த ஆள் முடியாது என்று சொல்வதெப்படி?

வெட்டினாள். சாணால் அளந்து அளந்து, ஒரே ஆழம், ஒரே அகலம், ஒரே சரிவு.

“நூல் பிடிச்ச மாதிரியில்ல இருக்கு” என்றாள் அந்த அம்மாள், முதல் தடவையாகக் குரல் இறங்கி. “இப்படி வெட்டற ஆளை நான் பார்த்ததில்லை.”

கை இரண்டும் கொப்புளமாக வீடு திரும்பினாள். அவள் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் டிபன் பாக்ஸ் கவிழ்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க, அதுல இருந்தது?”

“ஒரே சேறு. எங்கேயோ விழுந்துட்டே போலன்னு நல்லா சாம்பல் போட்டுத் தேய்ச்சு வெச்சுட்டேன். கையைக் காட்டு, என்ன இது கொப்புளம்? ஆபீஸ்ல உன்னை என்ன வேலை வாங்கறாங்க?”

அவருடைய அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு, அதிகாரிக்குப் போன் பண்ணினாள்.

“உடம்பு இன்னும் சரியாகலை சார்.”

“இருபது வருஷமா லீவே எடுக்காதவளுக்கு என்னமோ பெரிசாத்தான் வந்திருக்கு. நல்ல டாக்டரா பாரும்மா.”

மறுநாள் போனபோது தோட்டம் இல்லை. குளம் இருந்தது.

“வா வா” என்று அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். “நீ வெட்டின வாய்க்கால்ல தண்ணி என்னமா ஓடுது தெரியுமா? முன்னெல்லாம் பாதி வழியிலேயே நின்னுடும். நேத்து மோட்டாரைப் போட்டுட்டு வந்தேன், ஒரு மணி நேரத்துல கடைசி மூலை வரைக்கும் பாய்ஞ்சிருச்சு.”

துல்லியம் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சேற்றிலிருந்து மாதிரி எடுக்க முடியாது. எடுத்தாலும் அது கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததாகத்தான் ஆகும். ஒரு நிமிஷம் அழலாமா என்று யோசித்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். அது நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே இறங்கவில்லை, வெளியே போகவுமில்லை. வர வழி செய்தவள் போக வழி செய்யவில்லை.

எழுந்து மம்பட்டியை எடுத்தாள்.

“இப்ப எங்க போறே?”

“தண்ணி வடியணும் அக்கா. இப்படி நின்னா வேரு மூச்சு விட முடியாம மூழ்கிடும். அதனாலதான் உங்க செடி வாடுது. தாகத்துல இல்லை.”

“மேஸ்திரி ஆளுங்க இவ்வளவு பேசமாட்டாங்களே” என்றாள் அந்த அம்மாள். ஆனாலும் தானும் ஒரு மம்பட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தின் பள்ளமான மூலையிலிருந்து ஓடை வரைக்கும் இரண்டு பேரும் வடிகால் வெட்டினார்கள். குறுக்கே பாறை வந்தது, சுற்றிக்கொண்டு போனார்கள். கரை சரிந்தது, மறுபடி வெட்டினார்கள். இடுப்பு நிமிராது என்று ஆனபிறகும் துல்லியம் நிறுத்தவில்லை. சனிக்கிழமை என்று சொன்னது சனிக்கிழமைதான். மத்தியானத்துக்குமேல் தண்ணீர் சளசளவென்று ஓடையில் இறங்க ஆரம்பித்தது. வெயில் சாயுமுன் மேடான இடங்களில் கால் பதிக்க முடிந்தது. தண்ணீர் தங்காத பத்து இடமாகப் பார்த்து மறுபடி தோண்டி, மறுபடி நான்காகப் பிரித்து, இந்தத் தடவை டிபன் பாக்ஸைத் தொடாமல் இரண்டு பாலிதீன் பைகளில் கட்டிக்கொண்டாள்.

“நாளைக்கும் வருவியா?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“வேற இடத்துல வேலை இருக்கு அக்கா.”

“குடுத்து வெச்சவங்க” என்றாள் அந்த அம்மாள்.

மண் தையல் மெஷினுக்குக் கீழே, செய்தித்தாளில், மின்விசிறிக் காற்றில் காய்ந்தது. கணவர் மிதிக்கட்டையில் காலை வைக்காமல் ஒரு நாள் முழுக்கக் கையாலேயே பொத்தான் தைத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் விஷயத்துக்குப் பிறகு வீட்டில் எதையும் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் ஆபீஸுக்குப் போய், ஒவ்வொரு பரிசோதனையையும் இரண்டு தடவை செய்தாள். வந்த எண்கள் எதுவும் அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. கை ஏற்கெனவே சொல்லியிருந்தது. வழக்கமாக நான்கு வரி எழுதுகிறவள் இரண்டு பக்கம் எழுதினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தக்காளிக்காரர் வந்தார். கூடவே மனைவியும் வந்தாள்.

துல்லியம் ஒரே எட்டில் பீரோவுக்குப் பின்னால் போய், வெள்ளைக் கோட்டை மாட்டி, முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். “தொண்டை கட்டியிருக்கு சார். நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க.”

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போலப் படித்தார்.

“உங்கள் நிலம் களிமண். உப்பு மேலே பூத்திருக்கிறது. தழைச்சத்து குறைவாக இல்லை; அதிகமாக இருக்கிறது. தண்ணீரும் அப்படியே. உங்கள் செடிக்குக் குறைவது காற்று. யூரியாவை நிறுத்துங்கள். மக்கிய தொழுவுரமும் ஜிப்சமும் போட்டு, மழைத் தண்ணீரை நிற்கவிட்டு வடித்து உப்பைக் கழுவுங்கள். நாற்றைப் பள்ளத்தில் நடாமல் முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.” அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். “கிழக்கு மூலை மற்ற இடத்தைவிடப் பள்ளம். வடிகால் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”

அவர் நிமிர்ந்து பீரோப் பக்கம் பார்த்தார். மண்ணைச் சோதித்தால் மூலைகூடத் தெரியுமா என்று கேட்க நினைத்தவர், வந்தவர்கள் எதிரில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

தக்காளிக்காரரின் முகம் வெளிறியிருந்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கதவைப் பார்த்தார். “அப்ப நாங்க வர்றோங்க” என்று எழுந்தார்.

“ஏங்க, சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“சும்மா இரு.”

“இவ்வளவு கெட்டிக்காரங்ககிட்ட மறைச்சா பாவங்க.”

“என்ன விஷயம்? மண்ணுல ஏதாவது சந்தேகமா?” என்று அதிகாரி கேட்டார்.

பீரோவுக்குப் பின்னால் துல்லியம் கொப்புளம் உடைந்த கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். எல்லாம் தெரிந்துவிட்டது, இனி இருபது வருஷத்துப் பெயர் போனதுதான்.

“சந்தேகம் இல்லைங்க, அத்தனையும் எங்க தோட்டத்தை நேர்ல பார்த்தாப்பல இருக்கு” என்றாள் அந்த அம்மாள். “அது எப்படின்னுதான் எனக்கு விளங்கலை. இந்த மனுஷன் எங்க மண்ணுப் பையை பஸ்ஸுலயே விட்டுட்டு, உங்க ஆபீஸ் வாசல்லேர்ந்துல்ல ரெண்டு கை மண்ணை அள்ளிக் குடுத்துட்டு வந்தாரு.”