மீட்டர் அண்ணாச்சியின் ஹைபிரிட் கார்

ராஜபாளையத்தில் ஓட்டத் தெரியாமல் கார் ஓட்டுகிறவர்கள் ஏராளம். பரீட்சை எழுதுகிறவர் மாதிரி வியர்த்துக் கொட்டிக்கொண்டே கார் ஓட்டியவர் மீட்டர் அண்ணாச்சி ஒருவர்தான். பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருந்தவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே கையை விரிப்பார்கள்.

அவருடையது ஹைபிரிட் கார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எப்போது எதில் ஓடுவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். அந்த உரிமையைக் காருக்குக் கொடுக்க அண்ணாச்சிக்கு மனசில்லை. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ், எவ்வளவு சூடு, கரண்ட் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, இன்ஜின் எத்தனை சுற்று என்று டேஷ்போர்டில் தனியாக நாலு மீட்டர் மாட்டினார்.

"வண்டியிலயே இதெல்லாம் காட்டுமே அண்ணாச்சி?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அது படம் காட்டுதுப்பா. எனக்கு நம்பர் வேணும்."

பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார் என்று ஊர் சிரித்தது. விஷயம் வேறு. அவர் மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் மதினி, கிட்னி போய்விட்டது. டயாலிசிஸுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். திரும்பும்போது பின் சீட்டில் துவண்டு படுத்துவிடுவார். ஒருநாள் அப்படிக் கண்ணயர்ந்த நேரத்தில் இன்ஜின் குலுங்கி ஸ்டார்ட் ஆக, திடுக்கிட்டு எழுந்து அழுதுவிட்டார். அன்றிலிருந்து அவரை எழுப்பாமல் வீடு சேர்ப்பதுதான் அண்ணாச்சியின் ஒரே லட்சியம். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை என்பதால், சாயங்காலம் முன் சீட்டு எனக்கு.

பேட்டரி மட்டும் வீடுவரை தாங்காது. வழியில் எங்கேயாவது இன்ஜின் ஸ்டார்ட் ஆகித்தான் தீரும். அதற்கு அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். சார்ஜ் நம்பரைப் பார்த்துக்கொண்டே ரோட்டோரமாக உருட்டுவார். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டு முந்தும் பாருங்கள், அந்த நொடியில் ஆக்ஸிலேட்டரை மிதித்து இன்ஜினை எழுப்பிவிடுவார். பஸ் சத்தத்துக்குள் இன்ஜின் சத்தம் அமுங்கிவிடும்.

"ஹாரனுக்கு முழிக்க மாட்டாங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"அது ரோட்டுச் சத்தம்லா. பொறந்ததுலேர்ந்து கேக்குறா."

"யோவ் பெருசு, காரு ஓட்டுதியா, தேரு இழுக்குதியா?" என்று பஸ் டிரைவர் கத்துவார். "நல்லா இருப்பா!" என்று அண்ணாச்சி மனசார வாழ்த்துவார். ஹாரன் அடிக்காமல் பதவிசாக முந்துகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது.

ஆயுத பூஜை வந்தது. மதினி முடியாத உடம்போடு வந்து காருக்குப் பொட்டு வைத்தார். ஸ்டீயரிங்குக்கு ஒன்று, நாலு மீட்டருக்கும் ஆளுக்கொன்று. சந்தனமும் குங்குமமும் சரியாக நம்பர் மேலேயே காய்ந்து உட்கார்ந்துகொண்டன.

"தொடச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"அவ கையால வச்ச பொட்டு. அழிக்கவா சொல்லுதீக?"

அந்த வாரம் குத்துமதிப்பாகத்தான் ஓட்டினார். கண்மாய்ப் பக்கம் வரும்போது முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. அந்த அமைதியில் இன்ஜின் தானாகக் குலுங்கி எழுந்தது. அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. ஓரங்கட்டி இறங்கி, கருவேல மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

பின் சீட்டிலிருந்து மதினி குரல் வந்தது.

"தம்பி, அவியகிட்ட சொல்லிராதீக. அந்த ஒருநாள் தூங்குனதோட சரி. ஊசி குத்துன வலியில தூக்கம் எங்கிட்டு வருது? நான் கண்ணை மூடிக் கெடந்தா அவிய மொகத்துல ஒரு சந்தோசம் வருது. அதுக்காகத்தான்."

அண்ணாச்சி திரும்பி வந்தார். "முழிச்சிட்டாளா?" என்று சைகையில் கேட்டார். மதினி கண்ணை மூடியிருந்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

ஹைபிரிட் காருக்குத் தனி மீட்டரால் பிரயோஜனம் உண்டா என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். காருக்கு இல்லை என்று சொல்லிவைக்கிறேன்.

பொங்கலுக்கு முன்பே மதினி போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணாச்சிக்கு இனி ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் காரோடு என் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்.

"பின்னாடி உக்காருங்க தம்பி. அங்க காலியாக் கெடந்தா என்னால ஓட்ட முடியல."

பின் சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியாக என்னையே பார்க்கிறார். வேறென்ன செய்ய? தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன். வீடு வந்ததும் தோளைத் தொட்டு, "நல்லாத் தூங்கினீகளா தம்பி?" என்று கேட்கிறார்.

நல்ல தூக்கம் அண்ணாச்சி என்கிறேன்.